தோள்வலியும் இயன்மருத்துவரின் பேச்சும்

தலவாக்கலையிலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். கொழுந்து பறிக்கும் அவருடைய அம்மாவுக்குத் தோள்மூட்டு இறுகிக் கையைத் தூக்க முடியாமல் போய்விட்டது. ஆதார வைத்தியசாலையின் இயன்மருத்துவர் (பிசியோதெரபிஸ்ட்) முதல் நாளில் பாதி நேரம் பேசிக்கொண்டே இருந்தாராம். தூக்கம் வருகிறதா, வீட்டில் யார் சமைக்கிறார்கள் என்றெல்லாம் விசாரித்தாராம். நாட்சம்பளத்தை இழந்து, பஸ்ஸுக்கும் காசு கொடுத்துப் போனது கதை பேசவா என்பது வாசகியின் கேள்வி.

அந்தப் பேச்சும் சிகிச்சைதான். நாட்பட்ட முதுகுவலி உள்ள 117 பேரிடம் கனடாவில் நடத்தப்பட்டு 2014இல் வெளியான ஆய்வில், சிலருக்கு முதுகில் மெல்லிய மின்னோட்டம் பாய்ச்சும் உண்மையான மின்சிகிச்சையும் மற்றவர்களுக்கு மின்சாரமே பாயாத போலிச் சிகிச்சையும் தரப்பட்டன. இரு பிரிவிலும் பாதிப்பேரிடம் சிகிச்சையாளர் ஐந்து நிமிடம் மட்டும் பேசிவிட்டு வெளியேறினார். மீதிப்பேரின் அருகிலேயே இருந்து அவர்கள் சொன்னதைக் கேட்டார். உண்மைச் சிகிச்சையும் பேச்சும் சேர்ந்தபோது வலி மிக அதிகமாகக் குறைந்ததில் வியப்பில்லை. ஆனால் பேச்சுடன் கூடிய போலிச் சிகிச்சை, பேச்சில்லாத உண்மைச் சிகிச்சையை முந்தியது.

வலிச் செய்தி முண்ணாண் (தண்டுவடம்) வழியே மூளைக்கு ஏறுவதைப் பள்ளியிலேயே படித்திருப்போம். என்னை மயக்குவது, மூளையிலிருந்து கீழே இறங்கும் வழிதான். பீலிக்குழாயில் விழும் நீரை மேட்டிலுள்ள ஊற்றடியிலேயே கூட்டிக் குறைப்பதைப் போல, மூளை தனக்கு வரவிருக்கும் வலியின் அளவை முன்கூட்டியே மாற்றுகிறது. நடுமூளையின் ஒடுங்கிய கால்வாயைச் சுற்றியுள்ள சாம்பல்நிறப் பகுதி, அச்சத்தையும் எதிர்பார்ப்பையும் கையாளும் மையங்களிலிருந்து செய்தி பெற்று, மூளைத்தண்டின் அடிப்பகுதிக்கு அனுப்புகிறது. அங்கே இருவகை உயிரணுக்கள் உள்ளன: ஒருவகை முண்ணாணில் வலிச் செய்திக்கு வழிவிடும், மற்றது அடைக்கும். அடைக்கும் வேலைக்கு உடலே சுரக்கும், அபினையொத்த பொருள்கள் துணைநிற்கின்றன. பல் பிடுங்கியவர்களில் மருந்தில்லாத ஊசியாலேயே வலி தணிந்தவர்களுக்கு, அபினின் விளைவை முறிக்கும் நலொக்சோனைச் செலுத்தியதும் வலி கூடியதை 1978இல் வெளியான அமெரிக்க ஆய்வொன்று காட்டியது. நம்பிக்கைக்கும் ஓர் இரசாயனம் உண்டு.

அச்சம் இதே பாதையை எதிர்த்திசையில் இயக்கும். நிர்ணயித்த கிலோ எடுக்காவிட்டால் அரைப்பேர்தான், அதாவது பாதி நாட்சம்பளம்தான், விழும் என்ற கவலையோடு படுக்கையில் கிடப்பவருக்கு, கையை அசைத்தால் மூட்டே போய்விடும் என்ற பயமும் சேர்ந்தால், அவர் தோளை அசைக்கவே மாட்டார்; அசையாத மூட்டு மேலும் இறுகும். குறிசொல்லிப் பரிகாரம் செய்யும் கோடாங்கியிடம் போய் வந்தவர்கள் சற்று நிம்மதி அடைவதும் இதனால்தான். தோஷம் நீங்க அவர் கழிப்புக் கழிக்கும் சடங்கில் எனக்கு நம்பிக்கையில்லை, ஆனால் அவர் மணிக்கணக்கில் காதுகொடுக்கிறார், அதுவும் தமிழில். 1987இன் 13ஆவது திருத்தம் தமிழையும் அரசகரும மொழியாக்கிய பின்னும், மலையகத்தின் பல சிகிச்சை அறைகளில், தமிழ் தெரியாதவர் முன் நோயாளி சைகையால்தான் வலியைக் காட்டுகிறார். இதை மரியாதைக் குறைவாக மட்டும் பார்ப்பது போதாது; சிகிச்சையின் அளவே அங்கு குறைகிறது. புதிய இயந்திரம் வாங்க ஒதுக்கும் பணத்தில் ஒரு பங்கைத் தமிழ் பேசும் இயன்மருத்துவர்களை உருவாக்கச் செலவிடலாம்.

இறுகிய மூட்டைப் பேச்சு மட்டும் தளர்த்தாது. சொல்லித்தந்த பயிற்சியைத் தினமும் செய்தாக வேண்டும். அடுத்த முறை வாசகி உடன் போகலாம், ஆனால் பதிலை அம்மாவே சொல்லட்டும், அரைப்பேர்க் கவலையையும் சேர்த்து. கூடையின் பாரத்தையும் வேலைக்குத் திரும்ப வேண்டிய நாளையும் அறிந்தால்தான், எந்த அசைவை எப்போது தொடங்குவது என்று இயன்மருத்துவர் திட்டமிட முடியும்.