வெளிநாட்டுப் பட்டம் இருக்கிறது, சரி. சிஆர்ஆர் நம்பர் இருக்கிறதா?

மார்த்தாண்டத்தில் ஒரு ஜெராக்ஸ் கடை. கடைக்காரர் ஒரு சான்றிதழைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "மக்ளே, இதுல ரெண்டு பக்கமும் எடுக்கணுமா?" என்று கேட்டார். பின்பக்கம் முழுக்க முத்திரைகள். கொண்டுவந்த பெண் இங்கிலாந்தில் சிறு குழந்தைகளுக்கான சிறப்புக் கல்வியில் முதுகலை முடித்தவர். அம்மாவின் நகைகளை அடகு வைத்துப் போய்ப் படித்து, அங்கேயே ஒரு நர்சரியில் இரண்டு வருடம் வேலையும் பார்த்துவிட்டு, அப்பாவுக்கு உடம்பு முடியாமல் போனதால் ஊருக்குத் திரும்பியிருந்தார்.

அன்று அவர் எடுத்தது பதினோராவது செட். மற்ற பத்தும் ஐந்து அலுவலகங்களில் கிடந்தன. ஆறாவது இடத்தில் இருந்த ஒரு அம்மாதான், "ஒங்க சிஆர்ஆர் நம்பர் என்னம்மா?" என்று கேட்டார். சிறப்புக் கல்வி வேலை பார்க்க இங்கே கட்டாயம் வேண்டிய பதிவு எண் அது. முதல் நாளே யாராவது கேட்டிருக்க வேண்டிய கேள்வி. அதற்குள் அவர் குறிவைத்திருந்த வேலைக்கு விண்ணப்பிக்கிற கடைசித் தேதி முடிந்து மூன்று நாள் ஆகியிருந்தது.

இவரைப் போல நம் குமரி மாவட்டத்தில் இன்னும் சிலரைப் பார்த்துவிட்டேன். துபாயில் கணவரோடு இருந்தபோது அங்கே கிளை வைத்திருக்கும் பிரிட்டிஷ் பல்கலைக்கழகத்தில் படித்தவர், கனடாவில் படித்தவர், மணிலாவில் படித்தவர். எல்லோரும் ஒரே குழியில்தான் விழுந்தார்கள். அதனால் இதை எழுதுகிறேன்.

சட்டத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். இந்திய மறுவாழ்வுக் கவுன்சில் சட்டம், 1992. எல்லோரும் ஆர்சிஐ என்பார்கள். மாற்றுத்திறனாளிக் குழந்தைகளுக்குப் பாடம் சொல்லும் சிறப்புக் கல்வி ஆசிரியர், பேச்சுப் பயிற்சியாளர் போன்றவர்கள் இந்தக் கவுன்சிலின் மத்தியப் பதிவேட்டில் பெயரைப் பதிந்திருக்க வேண்டும். அந்தப் பதிவு எண்தான் சிஆர்ஆர் நம்பர். அது இல்லாமல் தொழில் செய்தால் 13-ஆவது பிரிவின்படி ஓராண்டு வரை சிறை, அல்லது 1,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். இதற்காக நம் பக்கம் யாரும் ஜெயிலுக்குப் போய் நான் பார்த்ததில்லை. ஆனால் அரசுப் பணம் வருகிற எந்த இடத்திலும் அந்த எண் இல்லாமல் உங்கள் விண்ணப்பம் மேஜையைத் தாண்டாது.

இப்போது குழிகளுக்கு வருவோம்.

முதல் குழி சமநிலைச் சான்று, அதாவது வெளிநாட்டுப் பட்டம் இந்தியப் பட்டத்துக்கு இணையானது என்று சொல்லும் காகிதம். வெளிநாட்டுப் பட்டம் என்றதும் ஆளாளுக்கு "ஈக்குவலன்ஸ் வாங்கிட்டு வா" என்பார்கள். முன்பு அதற்கு ஏஐயு எனப்படும் இந்தியப் பல்கலைக்கழகங்கள் சங்கம். 2025-இல் பல்கலைக்கழக மானியக் குழுவான யுஜிசி இதற்கென்று தனி விதிமுறையே கொண்டுவந்துவிட்டது. ஆனால் அந்த விதிமுறையிலேயே, மருத்துவம், நர்சிங், சட்டம் போலத் தனிக் கவுன்சில்கள் கட்டுப்படுத்துகிற படிப்புகளுக்கு இது பொருந்தாது என்று இருக்கிறது. சிறப்புக் கல்விக்கு இருக்கும் கவுன்சில் ஆர்சிஐ. ஆக, வேலை விளம்பரத்தில் "யுஜிசி அங்கீகரித்த பல்கலைக்கழகம்" என்று போட்டிருக்கும், யுஜிசி பக்கம் போனால் ஆர்சிஐ-யைக் காட்டும், ஆர்சிஐ சான்றைக் கொண்டுபோனால் உள்ளூர் கிளார்க் மறுபடி யுஜிசி என்பார். பந்து மாதிரி உருள வேண்டியதுதான். சமநிலைச் சான்று கையில் இருந்தால் நல்லது, வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் அது ஆர்சிஐ பதிவுக்கு மாற்று இல்லை. முதலில் ஓட வேண்டியது ஆர்சிஐ பக்கம்.

இரண்டாவது குழி இதைவிட ஆழம். வெளிநாட்டுப் பட்டத்தில் பொதுவாக "சிறப்புக் கல்வித் தேவைகள்", "உள்ளடக்கிய கல்வி" என்று பொத்தாம்பொதுவாக இருக்கும். இங்கே படிப்புகளை அப்படிப் பார்ப்பதில்லை. செவித்திறன் குறைபாடா, பார்வைக் குறைபாடா, அறிவுசார் குறைபாடா, ஆட்டிசமா என்று பிரித்துத்தான் பழக்கம். எந்தக் குறைபாட்டில், எத்தனை மணி நேரம், யார் மேற்பார்வையில் செய்முறைப் பயிற்சி பெற்றீர்கள் என்பதுதான் கேள்வி. சில முதுகலைப் படிப்புகளில் செய்முறையே கிடையாது, ஆய்வுக் கட்டுரை மட்டும் எழுதினால் போதும். அப்படிப் படித்தவர்கள் எவ்வளவு பெரிய பல்கலைக்கழகத்தின் பெயரைச் சொன்னாலும் இங்கே திணற வேண்டியதுதான்.

அதனால் இன்னும் அங்கேயே இருக்கிறவர்களுக்குச் சொல்கிறேன். விமானம் ஏறும் முன்பு பல்கலைக்கழகத்தில் மூன்று காகிதங்கள் வாங்கிவிடுங்கள். ஒன்று, நீங்கள் படித்த வருடத்துக்கான முழுப் பாடத்திட்டம், இணையத்தில் கிடக்கும் விளம்பரப் பக்கம் இல்லை. இரண்டு, மதிப்பெண்ணும் பாட நேரமும் இருக்கும் டிரான்ஸ்கிரிப்ட். மூன்று, செய்முறைப் பயிற்சி பற்றி லெட்டர்பேடில் கையெழுத்தோடு ஒரு கடிதம்: குழந்தைகளின் வயது, குறைபாடு வாரியாக மணிக்கணக்கு, பயிற்சி எடுத்த இடம். இதில் மூன்றாவதை ஊருக்கு வந்த பிறகு மின்னஞ்சலில் கேட்டு வாங்குவதற்குள் தாவு தீர்ந்துவிடும். உங்களுக்குப் பாடம் எடுத்தவர் வேலை மாறியிருப்பார், அலுவலகத்தில் இருப்பவருக்கு உங்களைத் தெரியாது. நேரில் இருக்கும்போது கேட்டால் ஒரு வாரத்தில் கிடைக்கிற கடிதம் இது.

முத்திரை விஷயமும் அங்கேயே முடிய வேண்டியது. ஒரு சான்றிதழ் உண்மையானது என்று வேறு நாடுகளும் ஏற்கும்படி உறுதிசெய்கிற அப்போஸ்டில் முத்திரையை அந்தச் சான்றிதழ் வழங்கப்பட்ட நாடுதான் குத்த முடியும். இங்கிலாந்துப் பட்டத்துக்கு டெல்லியில் அப்போஸ்டில் வாங்கித் தருகிறேன் என்று யாராவது சொன்னால் காசு கொடுக்காதீர்கள். கனடா 2024 ஜனவரியில்தான் அப்போஸ்டிலுக்கான சர்வதேச ஒப்பந்தத்துக்குள் வந்தது, அதற்கு முன் படித்தவர்களும் இப்போது அங்கே அப்போஸ்டில் வாங்கலாம். ஐக்கிய அரபு அமீரகம் அதில் இல்லை. அங்கே வழங்கிய காகிதத்துக்கு அந்நாட்டு வெளியுறவு அமைச்சகம், பிறகு அங்குள்ள இந்தியத் தூதரகம் என்று இரண்டு படி ஏற வேண்டும். துபாய்க் கிளையில் படித்தவர்கள் தங்கள் பட்டம் எந்த நாட்டில் வழங்கப்பட்டது என்று முதலில் பாருங்கள். பட்டத்தில் ஒரு நாடு, டிரான்ஸ்கிரிப்டில் இன்னொரு நாடு என்று இருந்தால் இரண்டு இடத்திலும் முத்திரை வாங்க வேண்டிவரும்.

அப்புறம் பெயர். சிரிக்காதீர்கள், மேலே சொன்ன பெண்ணுக்கு அதிக நாள் தின்றது இதுதான். பத்தாம் வகுப்புச் சான்றிதழில் பெயருக்கு முன்னால் ஒரு இனிஷியல். பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் முழுதாக, குடும்பப் பெயர் இருக்க வேண்டிய இடத்தில். வெளிநாட்டுப் பட்டத்தில் அப்பா பெயரே பிரதானமாக அச்சாகியிருக்கிறது. திருமணத்துக்குப் பிறகு ஆதாரில் கணவர் பெயர். ஒரு மனுஷி, நாலு பெயர். ஆன்லைன் விண்ணப்பத்தில் எதைப் போட்டாலும் இன்னொன்றோடு இடிக்கும். பத்தாம் வகுப்புச் சான்றிதழில் இருப்பதையே அடிப்படையாக வைத்துக்கொள்ளுங்கள். வித்தியாசம் சின்னதாக இருந்தால் எல்லாப் பெயரும் ஒருவரையே குறிக்கும் என்று நோட்டரியிடம் பிரமாணப் பத்திரம். பெயரே மாறியிருந்தால் அரசிதழில் பெயர் மாற்றம். இதை முடித்துவிட்டு விண்ணப்பியுங்கள். பாதியில் திருத்தப் போனால் கோப்பு பழையபடி வரிசையின் கடைசிக்குப் போகும்.

நம்பர் வந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். வேலை எங்கே?

பிறந்தது முதல் ஆறு வயது வரையிலான குழந்தையை நம் அரசாங்கம் பல துறைகளுக்குப் பிரித்துக் கொடுத்திருக்கிறது. மருத்துவமனையோடு சேர்ந்த ஆரம்பநிலை இடையீட்டு மையம் சுகாதாரத் துறையுடையது. டிஇஐசி என்பார்கள், நமக்கு அது ஆசாரிப்பள்ளம் மருத்துவமனையில். தொண்டு நிறுவனங்கள் அரசு மானியத்தில் நடத்தும் ஆரம்பநிலைப் பயிற்சி மையங்கள் மாற்றுத்திறனாளிகள் நலத் துறையின் கீழ் வரும். உலக வங்கிக் கடனோடு 1,763 கோடி ரூபாயில் நடக்கும் உரிமைகள் திட்டமும் அதே துறைதான், மாற்றுத்திறனாளிகளுக்கான "விழுதுகள்" சேவை மையங்கள் அதில்தான் வருகின்றன. அங்கன்வாடி இன்னொரு துறை. பள்ளிக்கல்வித் துறைக்கு ஒன்பது ஒன்றியங்களிலும் வட்டார வள மையங்கள் இருக்கின்றன, அங்கே சிறப்புப் பயிற்றுநர்கள் வேலை பார்க்கிறார்கள். ஒரு துறையில் விசாரித்தால் அடுத்த துறையில் என்ன காலியிடம் என்று அவர்களுக்கே தெரியாது. ஆகவே ஒரே இடத்தில் மனு கொடுத்துவிட்டு வீட்டில் உட்கார வேண்டாம்.

டிஇஐசி வேலைகளை மாவட்ட நலவாழ்வுச் சங்கம் அறிவிக்கும். மாவட்ட இணையதளத்தில் வரும். அவகாசம் பெரும்பாலும் பத்துப் பதினைந்து நாள்தான், அதற்குள் ஓடி ஒன்றும் தயார் பண்ண முடியாது. ஒப்பந்த வேலை. நிரந்தரம் கோரமாட்டேன் என்று எழுதியும் வாங்கிக்கொள்வார்கள். தொண்டு நிறுவன மையங்களில் மானியம் தாமதமானால் சம்பளமும் தாமதம். இதைக் கேட்டுத் தெரிந்துகொண்டு சேருங்கள், சேர்ந்த பிறகு அழாதீர்கள். வெளிநாட்டில் வாங்கிய சம்பளத்தை ரூபாயில் பெருக்கிப் பார்க்கும் பழக்கத்தையும் விமான நிலையத்திலேயே விட்டுவிட்டு வாருங்கள்.

ஒரு வார்த்தையில் பலர் ஏமாறுகிறார்கள். "சிறப்பாசிரியர் தேர்வு" என்று டிஆர்பி, அதாவது ஆசிரியர் தேர்வு வாரியம் அறிவித்தால் அது ஓவியம், தையல், இசை, உடற்கல்வி ஆசிரியர்களுக்கானது. மாற்றுத்திறனாளிக் குழந்தைகளுக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. இதற்குப் பணம் கட்டி கோச்சிங் சேர்ந்தவரையும் எனக்குத் தெரியும். நீங்கள் தேட வேண்டிய சொற்கள் "சிறப்புக் கல்வி ஆசிரியர்", "சிறப்புப் பயிற்றுநர்", "சிறப்புக் கல்வியாளர்".

இன்னொரு வியாபாரமும் நடக்கிறது. "உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது, இனி ஸ்கூலுக்கு ஒரு சிறப்புக் கல்வி ஆசிரியர், வேலை கேரண்டி" என்று சொல்லி டிப்ளமோ விற்கிறார்கள். தீர்ப்பு உண்மைதான். 2021 அக்டோபரில் தொடக்க வகுப்புகளில் பத்துப் பிள்ளைகளுக்கு ஒரு ஆசிரியர், அதற்கு மேல் பதினைந்துக்கு ஒருவர் என்று விகிதம் சொன்னார்கள். 2025 மார்ச்சில் பணியிடங்களை உருவாக்கி அறிவிக்கும்படி மாநிலங்களுக்கு மறுபடியும் உத்தரவிட்டார்கள். ஆனால் அந்த விகிதம் ஒன்றாம் வகுப்பிலிருந்து தொடங்குகிறது. மூன்று வயதுப் பிள்ளையோடு தரையில் உட்கார்ந்து வேலை செய்யப் படித்தவருக்கு அதில் நேரடியாக ஒன்றும் இல்லை. அந்த வயதுக்கென்று நிரந்தர அரசுப் பணியிடத்தை நான் இதுவரை ஒரு விளம்பரத்திலும் பார்த்ததில்லை.

டிஆர்பி தேர்வு எழுதப் போகிறவர்கள் தமிழ்த் தகுதித் தாளை மறக்க வேண்டாம். 40 சதவீதம் எடுக்காவிட்டால் பாடத்தாளைத் திருத்தவே மாட்டார்கள். விளவங்கோடு பக்கம் மலையாள வழியில் படித்தவர்களும், வளைகுடாவில் பள்ளி முடித்த பிள்ளைகளும் இதில்தான் மாட்டுவார்கள். தமிழ்வழியில் படித்தவர்களுக்கான 20 சதவீத ஒதுக்கீடு, வெளிநாட்டில் பட்டம் வாங்கிய உங்களுக்கு இல்லை. பள்ளி முழுக்கத் தமிழ்வழி என்றாலும், வேலைக்கான பட்டம் ஆங்கிலவழி என்றால் அது போயிற்று.

நேர்காணல் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். ஒரு இடத்தில் மாதிரி வகுப்பு எடுக்கச் சொன்னார்கள். வந்தவர் அங்கிருந்து கொண்டுவந்த அழகான அட்டைகளை விரித்தார். பனிவீடு, துருவக் கரடி. எதிரே குளச்சல் பக்கத்துக் கடற்கரைப் பிள்ளை, நாலு வயது, பேச்சு வரவில்லை. அட்டையைப் பார்க்கவே இல்லை. பக்கத்தில் இருந்த அவனுடைய பாட்டி, தன் கூடையிலிருந்து ஒரு கருவாட்டை எடுத்து நீட்டினார். பையன் சட்டென்று திரும்பி, "நெத்தோலி" என்பதில் பாதியைச் சொன்னான். வேலை யாருக்குக் கொடுத்தார்களோ, எனக்கு அந்தப் பாட்டிக்கே கொடுத்திருக்கலாம் என்று தோன்றியது. வள்ளம், வலை, நெத்தோலி என்று உள்ளூர்ப் படங்களோடு போங்கள்.

நம்பர் வருவதற்குள் ஏதாவது தனியார் தெரபி மையத்தில் சேர்ந்துவிடலாம் என்று தோன்றும். சேருங்கள், உதவியாளராக. ஆனால் மதிப்பீட்டு அறிக்கையில் கையெழுத்துப் போடாதீர்கள். வேறொருவருடைய நம்பரை அடியில் எழுதிவிட்டு உங்களைக் கையெழுத்துப் போடச் சொல்லும் இடங்கள் இருக்கின்றன. அந்தக் காகிதம் நாளைக்கு உதவித்தொகைக்கோ வழக்குக்கோ போகும்போது மாட்டுவது கையெழுத்துக்காரர்தான்.

ஆர்சிஐ உங்கள் பட்டத்தை ஏற்கவில்லை என்றால், சண்டை போட்டு இரண்டு வருடத்தைத் தொலைப்பதைவிட இங்கேயே ஆர்சிஐ அங்கீகரித்த ஒரு படிப்பை முடிப்பது மேல். எரிச்சலாகத்தான் இருக்கும். ஆனால் சேரும் முன்பு ஆர்சிஐ தளத்தில் அந்த நிறுவனம், அந்தப் படிப்பு, அந்த வருடம் மூன்றும் பட்டியலில் இருக்கிறதா என்று நீங்களே பாருங்கள். அங்கீகாரம் படிப்பு வாரியாக, குறிப்பிட்ட காலத்துக்குத்தான் கொடுக்கப்படுகிறது. "இன்டர்நேஷனல் டிப்ளமோ" என்று நாகர்கோவிலில் மாடியில் நடக்கும் வார இறுதி வகுப்புக்கு எந்த நாட்டிலும் மதிப்பு இல்லை.

விண்ணப்பம் போட்டு மாதக்கணக்கில் பதில் இல்லையா? முதல்வர் உதவி எண் 1100-க்கு அழைக்க வேண்டாம், ஆர்சிஐ மத்திய அரசுடையது. மத்திய அரசின் ஆர்டிஐ (தகவல் அறியும் உரிமை) தளத்தில் பத்து ரூபாய் கட்டி, "இந்த எண்ணுள்ள என் விண்ணப்பம் இன்றைய தேதியில் எந்த அதிகாரியிடம், எத்தனை நாளாக இருக்கிறது" என்று ஒரே கேள்வி கேளுங்கள். முப்பது நாளுக்குள் பதில் தர வேண்டும். அந்தப் பெண் அப்படித்தான் கேட்டார். இருபத்தாறாவது நாள், ஆர்டிஐ பதிலுக்கு முன்பே, பாடத்திட்டத்தில் ஒரு பக்கம் விடுபட்டிருக்கிறது என்று மின்னஞ்சல் வந்தது. பின்பக்கம். ஜெராக்ஸ் கடைக்காரர் கேட்டது சரிதான்.