பிடித்தால் விடாத பிரேக்

பிரேக் பிடிக்காவிட்டால் முதல் நாளே தெரிந்துவிடும். பிடித்த பிரேக் முழுதாக விடாமல் இருந்தால் மாதக்கணக்கில்கூடத் தெரியாது. மைலேஜ் கொஞ்சம் குறையும். ஸ்டியரிங் லேசாக ஒரு பக்கம் இழுக்கும். வண்டியை நிறுத்திவிட்டு இறங்கினால் ஒரு சக்கரத்திலிருந்து மட்டும் கருகிய வாடை வரும். வயதான கார்களில் இதற்குப் பெரும்பாலும் காரணம் காலிப்பர். அதைச் சரிசெய்யலாமா, புதிதாக மாற்ற வேண்டுமா என்று முடிவெடுக்க, அது எப்படிப் பிடிக்கிறது என்பதைவிட எப்படி விடுகிறது என்பதுதான் முக்கியமாகத் தெரிய வேண்டும்.

டிஸ்க் பிரேக்கில் சக்கரத்தோடு சேர்ந்து ஒரு வார்ப்பிரும்புத் தட்டு சுற்றுகிறது. அதன் இரு பக்கமும் இருக்கும் பேடுகளை, அதாவது உராய்வுப் பட்டைகளை, அதன்மேல் அழுத்துகிற கவ்விதான் காலிப்பர். பெடலை மிதித்ததும் அதோடு இணைந்த மாஸ்டர் சிலிண்டரில் எழும் அழுத்தம், பிரேக் ஆயில் வழியாகக் காலிப்பருக்குள் இருக்கும் பிஸ்டனுக்கு வந்து சேர்கிறது. பாஸ்கல் விதிப்படி ஆயில் முழுவதும் அழுத்தம் ஒன்றே. பரப்பு கூடினால் விசை கூடும். 54 மி.மீ. விட்டமுள்ள பிஸ்டனின் பரப்பு சுமார் 23 சதுர செ.மீ. அழுத்தம் 50 பார் (காற்றழுத்தத்தைப் போலச் சுமார் 50 மடங்கு) என்றால், அந்தப் பிஸ்டன் பேடைத் தள்ளும் விசை 1,100 கிலோவைத் தாண்டும். ஒரு சிறிய காரின் எடைக்கு ஈடான விசை, ஒரே ஒரு சக்கரத்தில்.

சரி, காலை எடுத்ததும் என்ன நடக்கிறது? டிரம் பிரேக்கில், டிரம்மை உள்ளிருந்து அழுத்தும் ஷூக்களைத் திரும்ப இழுக்கக் கனமான ஸ்பிரிங்குகள் உண்டு. பெரும்பாலான காலிப்பர்களில் பிஸ்டனை இழுக்க அப்படி எதுவும் கிடையாது. அந்த வேலையைச் செய்வது பிஸ்டனைச் சுற்றியிருக்கும் ஒரு ரப்பர் சீல்.

ஆயில் கசியாமல் காப்பது மட்டும்தான் அந்தச் சீலின் வேலை என்று பலர் நினைக்கிறார்கள். அதைக் குறுக்கே வெட்டிப் பார்த்தால் சதுரமாக இருக்கும். சிலிண்டர் சுவரில் வெட்டிய காடிக்குள் அது உட்கார்ந்திருக்கும். உள்விளிம்பு பிஸ்டனை இறுகப் பற்றியிருக்கும். பிஸ்டன் முன்னால் நகரும்போது உள்விளிம்பும் கூடவே போகும், வெளிப்பகுதி காடியிலேயே நிற்கும். இடையில் ரப்பர் சாய்ந்து வளைகிறது. அழுத்தம் விலகியதும் அது தன் பழைய வடிவத்துக்குத் திரும்புகிறது, பிஸ்டனையும் பிடித்து இழுத்துக்கொண்டே. அது இழுக்கும் தூரம் ஒரு மில்லிமீட்டரில் சிறு பகுதிதான். பேடு தட்டை உரசாமல் இருக்க அது போதும். பேடு தேயும்போது பிஸ்டன் சீல் வளையக்கூடிய அளவையும் தாண்டி நகர வேண்டிவரும். அப்போது சீலுக்குள் வழுக்கிப் புதிய இடத்தில் நின்றுகொள்ளும். டிஸ்க் பிரேக்கில் இடைவெளியைக் கையால் அட்ஜஸ்ட் செய்யும் வேலையே இல்லாமல் போனது இதனால்தான். ஒரு ரப்பர் வளையத்தை வைத்து மூன்று வேலைகளை முடித்த அந்தப் பொறியியலை என்னால் வியக்காமல் இருக்க முடியவில்லை.

ஆனால் கோளாறும் இங்கேயேதான் பிறக்கிறது. பிடிக்க ஒரு டன்னுக்கும் மேல் விசை இருக்கிறது. விட ஒரு ரப்பரின் மீள்தன்மை மட்டுமே. பிஸ்டனில் கொஞ்சம் துரு ஏறினாலும் ஆயில் அதைத் தள்ளிவிடும், ரப்பரால் திரும்ப இழுக்க முடியாது. ஜாமாகத் தொடங்கிய காலிப்பர் மிதிக்கும்போது நன்றாகவே பிடிப்பதற்கும், ஓட்டுபவருக்குச் சந்தேகமே வராமல் போவதற்கும் காரணம் இதுதான்.

துரு இரண்டு வழியில் வருகிறது. வெளியிலிருந்து வருவது எளிதில் புரியும்: பிஸ்டனை மூடியிருக்கும் டஸ்ட் கவர் கிழிந்தால் சேறும் தண்ணீரும் உள்ளே போகும். உள்ளிருந்து வருவது பிரேக் ஆயிலால். டாட் 3, டாட் 4, டாட் 5.1 ஆயில்கள் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் தன்மை கொண்டவை. காலிப்பருக்கு ஆயிலைக் கொண்டுவரும் ஹோஸின் ரப்பர் வழியாகக்கூட ஈரம் மெல்ல உள்ளே கசியும். எஞ்சின் ஆயிலைப் போல இது சுற்றிவருவதில்லை. காலிப்பருக்குள் இருப்பது முன்னும் பின்னும் சிறிது அசையும், அவ்வளவுதான். ஆகவே ஈரமேறிய ஆயில் பல ஆண்டுகள் அங்கேயே தங்கி உலோகத்தை அரிக்கிறது. அலுமினியக் காலிப்பர்களில் சீல் உட்காரும் காடிக்குள்ளேயே வெள்ளை ஆக்சைடு படிந்து, சீலைப் பின்னாலிருந்து பிஸ்டன்மேல் நெருக்கும். வெளியே பார்த்தால் பளபளவென்றிருக்கும் காலிப்பர்கூட இப்படி இறுகிவிடும்.

பிஸ்டன் நன்றாக இருந்தும் ஜாம் ஆவதுண்டு. பெரும்பாலான கார்களில் பிஸ்டன் உள்பக்கம் மட்டுமே இருக்கும். அது உள்பேடைத் தள்ள, எதிர்விசையில் காலிப்பரின் உடலே நகர்ந்து வெளிப்பேடை இழுத்து அழுத்தும். அப்படி நகர்வதற்கு இரண்டு ஸ்லைடு பின்கள் இருக்கின்றன. கிரீஸ் காய்ந்து ஸ்லைடு பின் இறுகினால் ஒரு பேடு மட்டும் தேய்ந்து தீரும், மற்றது கிட்டத்தட்டப் புதிதாகவே இருக்கும். ஒரு பேடு ஒரு முனையில் தடித்தும் மறுமுனையில் மெலிந்தும் ஆப்பு வடிவில் தேய்ந்திருந்தால், ஒரு பின் மட்டும் மாட்டியிருக்கிறது என்று ஊகிக்கலாம்.

இதை ஏன் தள்ளிப்போடக் கூடாது என்பதை ஒரு சின்னக் கணக்கில் பார்க்கலாம். விடாத பேடு காரை 5 கிலோ விசையில் பின்னுக்கு இழுக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஓட்டும்போது அதை உணரவே முடியாது. மணிக்கு 90 கி.மீ. வேகத்தில் அது உண்டாக்கும் வெப்பம் சுமார் 1,225 வாட். ஒரு இஸ்திரிப் பெட்டியைச் சக்கரத்துக்குள் வைத்து அணைக்காமல் விட்டது போல. அந்தச் சூட்டில் சீல் விறைத்து இன்னும் மோசமாகும். பேரிங் கிரீஸ் கெடும். ஆயிலும் கொதிக்கலாம். புதிய டாட் 4 ஆயிலின் கொதிநிலை குறைந்தது 230 டிகிரி செல்சியஸ் இருக்க வேண்டும், 3.7 சதவீதம் தண்ணீர் கலந்த நிலையில் தரவிதி எதிர்பார்க்கும் குறைந்தபட்ச அளவு 155 டிகிரிதான். கொதித்து ஆவியானால், திரவம் போலன்றி ஆவி அழுத்தினால் சுருங்கிவிடும். பெடல் தரையைத் தொடும், வண்டி நிற்காது. பிரேக் விடாத கோளாறு பிரேக் பிடிக்காத கோளாறாக மாறும் இடம் அது.

இனி சோதனை. கொஞ்ச தூரம் அதிகம் பிரேக் போடாமல் ஓட்டிவிட்டு, இன்ஃப்ராரெட் வெப்பமானியால் இடது, வலது டிஸ்க்குகளை ஒப்பிட வேண்டும். கையால் தொட்டுப் பார்க்க வேண்டாம். அப்புறம் வண்டியைத் தூக்கி, ஜாக்கியை மட்டும் நம்பாமல் ஸ்டாண்டு வைத்து, சக்கரம் இறுகியிருக்கும் நேரத்திலேயே காலிப்பரில் காற்றை வெளியேற்ற வைத்திருக்கும் ப்ளீடர் நிப்பிளைத் திறக்க வேண்டும். டிஸ்க் ஆறியிருக்க வேண்டும், பாதுகாப்புக் கண்ணாடி அணிந்திருக்க வேண்டும். ஆயில் பீய்ச்சியடித்து சக்கரம் தளர்ந்தால், அழுத்தம்தான் திரும்பிப் போக வழியில்லாமல் மாட்டியிருக்கிறது, காலிப்பரில் குற்றமில்லை. ஒரே சக்கரம் என்றால் முதல் சந்தேகம் ஹோஸ்மேல் விழ வேண்டும். பழைய ஹோஸ் உட்புறம் உப்பிக் குறுகியிருக்கும். மிதிக்கும் விசை ஆயிலை அதன் வழியே தள்ளிவிடும், திரும்பும் பலவீனமான அழுத்தத்தால் வர முடியாது. பல சக்கரங்கள் சேர்ந்து இறுகினால் மாஸ்டர் சிலிண்டரைப் பார்க்க வேண்டும். இந்த ஒரு நிமிடச் சோதனையைச் செய்யாமல் காலிப்பரை மாற்றிவிட்டு, மறுபடியும் அதே கோளாறோடு திரும்புபவர்களை நினைத்தால் வருத்தமாக இருக்கிறது. நிப்பிளைத் திறந்தும் சக்கரம் தளரவில்லை என்றால்தான் பிஸ்டனோ ஸ்லைடு பின்னோ இறுகியிருக்கிறது. பின்சக்கரமாக இருந்தால் ஹேண்ட் பிரேக் கேபிளையும் பார்த்துவிட வேண்டும்.

ஸ்லைடு பின் மட்டும் இறுகியிருந்தால் வேலை சுலபம்: கழற்றித் துருவைத் துடைத்து, அதற்கென்றே உள்ள சிலிகான் கிரீஸ் தடவி, ரப்பர் உறையைப் புதிதாகப் போட வேண்டும். பெட்ரோலிய கிரீஸோ எஞ்சின் ஆயிலோ பட்டால் பிரேக் ரப்பர் ஊதிவிடும்.

பிஸ்டன் இறுகியிருந்தால் சீல் கிட், அதாவது புதிய ரப்பர்கள் அடங்கிய தொகுப்பு, போட வேண்டும். ஹோஸைக் கழற்றுவதற்கு முன்பே பெடலை மெல்ல மிதித்து, பிரேக் அழுத்தத்தாலேயே பிஸ்டனை வெளியே தள்ளிக்கொள்வது நல்லது. காற்றழுத்தத்தால் தள்ளினால் அது குண்டு போலப் பாயும், விரல் நசுங்கும். வெளியே எடுத்ததும் பார்க்க வேண்டியது பிஸ்டனின் மேற்பரப்பைத்தான். இந்த வகைக் காலிப்பரில் சீல் அசையாமல் நிற்க, பிஸ்டன்தான் அதை உரசிச் செல்கிறது. ஆகவே சிலிண்டர் சுவரில் லேசான கறை இருந்தால் தேய்த்து எடுத்தால் போதும். பிஸ்டனின் குரோம் பூச்சில் சீல் படும் இடத்தில் குழி விழுந்திருந்தால் பிஸ்டனை மாற்றியே ஆக வேண்டும். காடியைச் சிறிது ஆக்சைடும் மிஞ்சாமல் சுரண்டி எடுக்க வேண்டும். பலர் அவசரத்தில் விட்டுவிடுவது இதைத்தான், அப்போது புதுச் சீலும் பழையதைப் போலவே இறுகும். புதிய பிரேக் ஆயிலைத் தடவிக் கையாலேயே பிஸ்டனை உள்ளே அழுத்த முடிய வேண்டும்.

நிப்பிள் முறிந்து உள்ளே தங்கியிருந்தாலோ, காடி ஆழமாக அரித்திருந்தாலோ, ஹேண்ட் பிரேக் இயந்திரம் உள்ளடங்கிய பின்காலிப்பர் தேய்ந்திருந்தாலோ முழுதாக மாற்றுவதுதான் சரி. உடல் நன்றாக இருந்தால் நான் சீல் கிட்டையே தேர்ந்தெடுப்பேன்.

மாற்றும்போது இடது, வலது மாறக் கூடாது. மாறினால் நிப்பிள் கீழ்ப்பக்கம் வந்துவிடும். மேலே தேங்கும் காற்று வெளியேறவே வெளியேறாது. ஹோஸ் போல்ட்டின் செம்பு வாஷர்கள் புதியவையாக இருக்க வேண்டும். கருகிய பேடை மாற்றினால் எதிர்ப்பக்கச் சக்கரத்திலும் சேர்த்தே மாற்ற வேண்டும். பழைய பேடுகளின் தூசியில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கக்கூடும். ஊதாமல் ஈரத்துணியால் துடைக்க வேண்டும். ஆயிலில் சிக்கிய காற்றை நிப்பிள் வழியாக வெளியேற்றி முடித்து, வண்டியை நகர்த்துவதற்கு முன் பெடலைப் பலமுறை மிதிக்க வேண்டும்: உள்ளே தள்ளிய பிஸ்டன் பேடை எட்டும்வரை பெடல் வெறுமனே கீழே போகும். அது கெட்டியான பிறகும், காலை அழுத்தி வைத்துக்கொண்டு ஒவ்வொரு இணைப்பிலும் கசிவு இருக்கிறதா என்று இன்னொருவரைப் பார்க்கச் சொல்லிவிட்டுத்தான் வண்டியை எடுக்க வேண்டும்.