கேமரன் மலைக் கறுப்பு மண்ணை மூட்டை கட்டாதீர்கள்

பள்ளி விடுமுறை முடிந்ததும் எங்கள் மண் பரிசோதனைக் கூடத்துக்கு ஒரே மாதிரிப் பொட்டலங்கள் வரத் தொடங்கும். மலேசியாவில், அடிவாரத்துத் தாப்பாவிலிருந்து கேமரன் மலைக்கு ஏறும் சாலையோரத்திலோ, பிரிஞ்சாங் உச்சியின் பாசிக்காட்டிலோ அள்ளி வந்த மண். மையைப் போல் கறுத்திருக்கும். இவ்வளவு கறுப்பாக இருக்கிறதே, கறிவேப்பிலைக்குப் போட்டால் தழைக்கும் அல்லவா என்று கேட்பார்கள். செம்பனை, அதாவது எண்ணெய்ப்பனை, தோட்டங்களின் மண்ணையும் இலையையும் சோதிப்பதுதான் என் பிழைப்பு. என்றாலும் இந்தக் கேள்விக்கு நின்று பதில் சொல்வேன்: போடாதீர்கள். முதலில், அள்ளவே அள்ளாதீர்கள்.

கறுப்பைக் கண்டால் சத்து என்று நம்புவது நம் பழக்கம். அந்த நிறம் பெரும்பாலும் செத்த வேர், இலை, பூஞ்சை ஆகியவற்றின் கரிமம். நுண்ணுயிர்கள் இன்னும் தின்று முடிக்காத மிச்சம் அது. அதற்குள் நைட்ரஜன் இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் நுண்ணுயிர்கள் உடைத்துக் கொடுக்கும்வரை அதில் பெரும்பகுதி செடிக்கு எட்டாது.

குளிர்ந்த மலைப் புல்வெளிகளைப் பார்த்தால் இது தெளிவாகும். நீலகிரியில் ஏறக்குறைய 2,000 மீட்டருக்கு மேல் சோலைக்காடும் புல்வெளியும் மாறி மாறி வரும். வரையாடு மேய்வதும், 12 ஆண்டுக்கு ஒருமுறை குறிஞ்சி பூப்பதும் அங்கேதான். அந்தப் புல்வெளியைத் தோண்டினால் அடியில் செம்மண், மேலே கறுப்பு மண். புல் மேலே முழங்கால் உயரம்தான். டிசம்பர், ஜனவரி உறைபனியில் அதுவும் கருகிவிடும். உழைப்பெல்லாம் மண்ணுக்குள். ஆண்டுதோறும் வேர் செத்துச் சேர்கிறது. மண்ணிலுள்ள அலுமினியமும் இரும்பும் அந்தக் கரிமத்தைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்கின்றன. குளிர், நுண்ணுயிர்களின் கையைக் கட்டிப்போடுகிறது. பள்ளங்களில் நீர் தேங்கும் சதுப்புகளிலோ மட்காத செடிகொடிகள் அடுக்கடுக்காகக் கிடக்கின்றன. அந்தப் படிவின் கரிமத்தை ஆராய்ந்து, கடந்த 20,000 ஆண்டுகளில் அங்கே எந்தக் காலத்தில் எந்த வகைத் தாவரங்கள் ஓங்கியிருந்தன என்று அறிவியலாளர்கள் கணித்திருக்கிறார்கள். இப்படிப்பட்ட நிலத்தில்தான் தேயிலையையும் சீகை மரத்தையும் யூகலிப்டசையும் நட்டுப் புல்வெளியைச் சுருக்கினார்கள். அந்த வயிற்றெரிச்சலைத் தனியாக எழுத வேண்டும்.

குளிரில் நுண்ணுயிர்கள் முழுக்கத் தூங்கிவிடுவதாகவும் எண்ண வேண்டாம். அமெரிக்காவின் ராக்கி மலைப் புல்வெளிகளில் குளிர்காலக் கடைசியில்தான், பனிப்போர்வைக்கு அடியில், அவற்றின் தொகை உச்சத்தைத் தொடுகிறது. பனி உருகும்போது பெருந்தொகையாக மடிகின்றன. அவற்றின் உடலில் இருந்த நைட்ரஜன், தளிர்விடும் செடிகளுக்குச் சரியான நேரத்தில் கிடைக்கிறது. அங்கே வளரும் கோப்ரீசியா என்ற கோரை இனம் அதுவரைகூடக் காத்திருப்பதில்லை. நைட்ரஜன் அடங்கிய அமினோ அமிலத்தை வேர்வழியே நேரடியாக உறிஞ்சிக்கொள்கிறது. யூரியா மூட்டையையே பார்த்துப் பழகிய எனக்கு இதைப் படித்தபோது ஆச்சரியம் தாங்கவில்லை.

இனி கேமரன் மலை மண் கீழே வந்தால் என்ன ஆகும்? 1,000 மீட்டர் இறங்கினால் ஏறக்குறைய 6 டிகிரி வெப்பம் கூடும். 10 டிகிரி கூடினால் மண் நுண்ணுயிர்களின் வேகம் ஏறத்தாழ இரு மடங்காகும். குளிர்பெட்டியில் இருந்த கறியை வெயிலில் வைத்த கதைதான். கரிமம் கரியமில வாயுவாகிப் பறக்கும், தொட்டியில் மண் மட்டம் இறங்கும். மலை மண்ணின் கடும் புளிப்பு வேறு செடியை வாட்டும். சோதனைக் கூடத்தில் இதே வேலையை நாங்கள் சில மணி நேரத்தில் செய்துவிடுகிறோம். உலர்த்திய மண்ணை எடைபோட்டு, பீங்கான் கிண்ணத்தில் இட்டு, 550 டிகிரி உலையில் வைப்போம். கறுப்பாக உள்ளே போன மண் பெரும்பாலும் செங்கல் நிறத்தில் வெளியே வரும். எரிந்து குறைந்துபோன எடையில் பெரும்பங்கு கரிமப் பொருள். எஞ்சிய செம்மண்ணோ தாப்பாவில் காலடியிலேயே கிடக்கிறது! அதற்காகவா மலைச்சரிவின் பாசிமெத்தையைப் பெயர்க்க வேண்டும்? பெயர்த்த இடத்தை மழை அரிக்கும். அந்தக் கறுப்பு மறுபடி சேர எத்தனையோ தலைமுறை ஆகும். ஒதுக்கப்பட்ட காட்டில் அனுமதியின்றி மண் எடுப்பது குற்றம் என்பதையும் நினைவில் வையுங்கள்.

நம் வெப்பத்தில் நுண்ணுயிர்களுக்குப் பசி அதிகம். ஆகவே நம் மண்ணுக்குத் தொடர்ந்து தீனி போட வேண்டும். நாமோ ரம்புத்தான் சருகைக் கூட்டிக் கொளுத்துகிறோம், களைக்கொல்லி அடித்துத் தரையைப் பளிச்சென்று வைத்தால்தான் தோட்டம் என்று பெருமைப்படுகிறோம். செம்பனைத் தோட்டத்தில் வெட்டிய மட்டையை வரிசைகளுக்கு இடையே அடுக்குவதும், பழம் உதிர்த்த வெற்றுக் குலையைப் பரப்புவதும், பியூரேரியா, மியூகுனா என்ற அவரை இனக் கொடிகளைப் படரவிடுவதும் மண்ணுக்குப் போடும் சாப்பாடு. அந்தக் கொடி உண்மையில் வேலை செய்கிறதா என்று அறிய ஆய்வுக்கூடம் வேண்டாம். பிடுங்காமல், கரண்டியால் சுற்றித் தோண்டி வேரை நீரில் அலசுங்கள். வேர்முடிச்சு ஒன்றை நகத்தால் கிள்ளிப் பாருங்கள். உள்ளே இளஞ்சிவப்பாக இருந்தால் பாக்டீரியா காற்றிலுள்ள நைட்ரஜனைப் பிடித்துக்கொண்டிருக்கிறது. பச்சையாகவோ பழுப்பாகவோ இருந்தால் அந்த முடிச்சு ஓய்ந்துவிட்டது. முடிச்சே அரிதாக இருந்தால், அந்த இடத்துக்கு அளவுக்கு மீறி யூரியா போகிறதா என்று முதலில் விசாரியுங்கள்.