பைலன்னா கோபுரம், ஆனா கோபுரம்னா என்ன?

போன வாரம் ஒரு தம்பி மெசேஜ் போட்டிருந்தான். காங்கோ நாட்டுல செம்புச் சுரங்கத்துக்குக் கரண்ட் கொண்டுபோற லைன் பத்தி தமிழ்ல எழுதிட்டு இருக்கேன், அந்தக் கம்பியத் தாங்கற பெரிய இரும்பு டவரைச் சொல்ற பைலன்ங்கற வார்த்தைக்கு 'மின்தூண்'னு போட்டுட்டேன், சரியாண்ணேனு கேட்டான். சரியில்லடா தம்பின்னு ஒரு வரில முடிச்சிருக்கலாம், ஆனா இந்த வார்த்தைக்குள்ள போனா வெளிய வர மனசு வராது, அதான் இவ்ளோ நீளம்.

மொதல்ல தூண் ஏன் ஒத்துவராதுன்னு பாத்துடலாம். தூண்னா மேல ஒரு கூரையோ மண்டபமோ இருக்கணும், அத அது தாங்கணும். கம்பம்னா ஒத்தக்கால், நம்ம தெருவுல நிக்குதே அது. நாலு காலை அகட்டி வெச்சு, இரும்பு ஆங்கிளக் குறுக்கும் நெடுக்கும் போல்ட் போட்டு மாட்டி, மேல போகப்போக ஒடுங்கி, ரெண்டு பக்கமும் கைய நீட்டிக்கிட்டு வயக்காட்டு நடுவுல நிக்குதே அது தூணும் இல்ல கம்பமும் இல்ல. லைன் வேலை பாக்கறவங்க அதை டவர்ம்பாங்க, ஊர்க்காரங்க டவர் லைன், ஹைடென்ஷன் லைன்ம்பாங்க. பைலன்னு நம்ம ஊர்ல யாரும் சொல்றதில்ல, அது பிரிட்டிஷ்காரங்க பழக்கம், அமெரிக்காக்காரங்ககூட டவர்னுதான் சொல்றாங்க.

பைலன் கிரேக்க வார்த்தை. 'பிலே'ன்னா கதவு, வாசல். அதுல இருந்து வந்த 'பிலோன்'னா பெரிய வாசல், வாசல் கட்டடம். தெர்மோபிலேன்னு ஒரு சண்டை பத்திக் கேள்விப்பட்டிருப்பீங்க, அந்த ஊர்ப் பேருக்கு அர்த்தமே 'வெந்நீர் வாசல்' மாதிரிதான், பக்கத்துல வெந்நீர் ஊத்து இருக்கு. வயித்துப்புண்ணுக்கு டாக்டர் டெஸ்ட் எழுதிக் குடுக்கற ஹெலிகோபாக்டர் பைலோரி கிருமி இருக்கே, அந்த பைலோரிகூட இதே வேர்தான், இரைப்பைக்குக் கீழ்வாசல்ல காவக்காரன் மாதிரி இருக்கற பகுதிக்கு அந்தப் பேரு.

எகிப்துக் கோயிலுங்கள்ல வாசலுக்கு ரெண்டு பக்கமும் அடி பெருத்து நுனி சிறுத்த மாதிரி பிரம்மாண்டமா ரெண்டு கல் கட்டடம் நிக்கும், நடுவுல நுழையற வழி. கர்னாக், லக்சர், எட்ஃபூ எல்லாத்துலயும் இருக்கு. அந்த முகப்புக்குத்தான் பைலன்னு பேரு. படிக்கறப்பவே உங்களுக்கு ஒண்ணு தோணியிருக்கணுமே? ஆமா, அது கோபுரம். நம்ம ஊர்க் கோயில் வாசல்ல நிக்கறதும் அதே வேலை, கிட்டத்தட்ட அதே வடிவம்.

வாசல் எப்படி மின்சார டவர் ஆச்சு? 1926ல பிரிட்டன்ல மின்சாரச் சட்டம் ஒண்ணு வந்து, மத்திய மின்சார வாரியம்னு ஒண்ண ஆரம்பிச்சு, நாடு பூரா 132 கிலோவோல்ட் லைன் இழுக்கக் கெளம்புனாங்க. மொத டவர் 1928ல ஸ்காட்லாந்துல நட்டாங்க. அமெரிக்கக் கம்பெனி டிசைன் ஒண்ண எடுத்து, ரெஜினால்ட் ப்ளோம்ஃபீல்டுன்னு ஒரு பெரிய கட்டடக்கலைஞர்கிட்ட குடுத்து, கண்ணுக்கு லட்சணமா இருக்கான்னு பாத்துச் சரிபண்ணச் சொன்னாங்க. துட்டன்காமுன் கல்லறைய 1922ல கண்டுபிடிச்சதுல இருந்து எகிப்து மோகம் அங்க தலைக்கேறிக் கிடந்த நேரம் அது. அடி அகலம் நுனி குறுகல்ங்கற உருவமும் ஒத்துப்போக, பேரு பச்சக்குன்னு ஒட்டிக்கிச்சுன்னுதான் நான் நெனைக்கிறேன். வாசல்ங்கற அர்த்தம் அத்தோட காலி, உயரம் மட்டும் மிச்சம்.

இதே கதை தமிழ்லயும் நடந்திருக்கு, அதான் எனக்குப் பிடிச்ச எடம். கோபுரம்னு சொன்னா இன்னிக்கு நமக்கு உயரம்தான் ஞாபகத்துக்கு வருது. ஆனா தஞ்சாவூர் பெரிய கோயில் கோபுரங்களோட பேரு என்ன? கேரளாந்தகன் திருவாசல், ராஜராஜன் திருவாசல். வாசல்! அதே கோயில்ல கருவறைக்கு மேல ஓங்கி நிக்கறது விமானம், அதையும் பாதிப் பேரு பெரிய கோபுரம்னுதான் சொல்றாங்க, ஏன்னா உசரமா இருந்தா கோபுரம்னு மனசுல பதிஞ்சு போச்சு. அதுக்கும் முன்னாடி போனா, நெடுநல்வாடைல அரண்மனை வாசலச் சொல்றப்போ, வெற்றிக்கொடியோட யானை அப்படியே நுழையற அளவுக்கு, மலையக் குடைஞ்ச மாதிரி இருக்குன்னு சொல்லி 'ஓங்குநிலை வாயில்'னு வரும். கோபுரம்ங்கற சொல்லு கோ + புரம்னு தமிழா, இல்ல வடமொழியான்னு ஒரு சண்டை ரொம்ப நாளா ஓடுது, அதுல நான் தலைய விடல. ரெண்டு கட்சிக்காரங்களும் அது வாசல்மேல எழும்புன கட்டடம்னு ஒத்துக்கறாங்க, எனக்கு அது போதும்.

ஆக பைலனுக்கு மின்கோபுரம்னு போட்டா அது ஏதோ பக்கத்துல வர்ற சொல் இல்ல, அச்சு அசல் அதே சொல். இத எந்தக் கமிட்டியும் உக்காந்து கண்டுபிடிக்கல. நம்ம பேப்பர்ல 'உயர்மின் கோபுரம்'னு ரொம்ப சாதாரணமா எழுதறாங்க, 2018ல கொங்குப் பக்கம் விவசாயிகள் போராடுனப்போ தினமும் அந்த வார்த்தைதான். சத்தீஸ்கர்ல நிலக்கரி பூமியான ராய்கர்ல இருந்து நம்ம புகளூர் வரைக்கும் 800 கிலோவோல்ட் டிசி (ஒரே திசைல ஓடற கரண்ட்) லைன் வந்துச்சே, அது மாதிரி லைனுங்கள எதிர்த்து நடந்த போராட்டம். அந்த லைன் சுரங்க பூமில இருந்து கரண்ட் வெளிய வர்ற கதை. தம்பி எழுதறது தலைகீழ், கரண்ட் சுரங்கத்துக்குப் போற கதை.

அது என்னன்னா, காங்கோ ஆறு கடல்ல கலக்கறதுக்கு முன்னாடி இங்கான்னு ஒரு எடத்துல பயங்கர வேகமா இறங்குது, அங்க அணை கட்டி மின்சாரம் எடுத்தாங்க. செம்பும் கோபால்ட்டும் கிடைக்கறது நாட்டோட அந்தக் கோடில, கட்டாங்கால. அந்த மாகாணத்துக்கு 1971ல அப்ப அதிபரா இருந்த மொபுட்டு ஷாபான்னு பேர மாத்துனாரு, ஸ்வாஹிலில ஷாபான்னா செம்பு, மண்ணுக்குப் பேரே தோண்டி எடுக்கற சாமானத்தோட பேரு. இங்கால இருந்து கட்டாங்காவோட சுரங்க ஊரான கோல்வேசி வரைக்கும் சுமாரா 1,700 கிலோமீட்டர், 500 கிலோவோல்ட் டிசி, 560 மெகாவாட். 1970கள்ல ஆரம்பிச்ச வேலை 1982லதான் முடிஞ்சுது, நடுவுல 1978ல கோல்வேசியவே கிளர்ச்சிப்படை பிடிச்சுது வேற. ரொம்ப வருஷம் உலகத்துலயே நீளமான டிசி லைன் அதுதான். நானூறு மீட்டருக்கு ஒரு கோபுரம்னு வெச்சாலும் நாலாயிரத்துக்குக் கீழ போகாது.

இவ்ளோ தூரம்னா டிசி ஏன்? ஏசில, அதாவது திசை மாறிமாறி ஓடற கரண்ட்ல, தூரம் ஏற ஏற லைனே கரண்ட முழுங்க ஆரம்பிக்கும், வோல்டேஜ நடுநடுவுல தூக்கி நிறுத்த எக்கச்சக்க சாமான் வேணும், டிசிக்கு அந்தத் தொந்தரவு இல்ல, கம்பியும் மூணு பேஸுக்குப் பதிலா ரெண்டு போதும். ஆனா ரெண்டு முனையிலயும் ஏசிய டிசியா, டிசிய ஏசியா மாத்தற ஸ்டேஷன் வேணும், அது யானை வெலை. அதனால நடுவுல ஒரு ஊருக்கு எறக்கிக் குடுங்கன்னா ஆகாது, ஒரு சின்ன டவுனுக்காக எவனும் அந்த ஸ்டேஷன் கட்ட மாட்டான். லைன் திட்டம் போடறவங்களும் ரெண்டு புள்ளிய நேர்கோட்டுல சேக்கத்தான் பாப்பாங்க, ஏன்னா லைன் திரும்புற எடத்துல வர்ற கோபுரம் பக்கவாட்டு இழுவையையும் தாங்கணும், சாதாரண கோபுரத்தவிட இரும்பும் காங்கிரீட்டும் ரொம்ப ஜாஸ்தி. ஊருக்காக வளைஞ்சா செலவு, அதனால வளையறதில்ல. இவ்ளோ தூரம் இழுத்ததே கட்டாங்காவோட குடுமிய தலைநகரம் கைல வெச்சுக்கத்தான்னு சொல்றவங்க உண்டு, 1960ல அந்த மாகாணம் தனிநாடுன்னு அறிவிச்சதாச்சே, அங்கயே அணைங்களும் இருந்துச்சு. எனக்கு அந்த வாதம் தப்புன்னு தோணல.

இப்ப வார்த்தைய யோசிங்க. பேரு வாசல். ஆயிரத்து எழுநூறு கிலோமீட்டருக்கு வரிசையா ஆயிரக்கணக்குல வாசல் நிக்குது, கீழ இருக்கற கிராமத்துக்கு ஒண்ணுகூட தொறக்கல. இன்னிக்கும் அந்த நாட்டுல கிட்டத்தட்ட அஞ்சுல நாலு பேருக்குக் கரண்ட் கிடையாது. தலைக்கு மேல போறது நமக்கில்லன்னு ஆனப்புறம், கோபுரத்துல இருந்து இரும்பு ஆங்கிளக் கழட்டிட்டுப் போறதும் நடந்துச்சு, லைன் பராமரிக்கறவங்களுக்கு அது தீராத தலைவலி. எல்லா சுரங்க லைனும் இப்படித்தான்னு சொல்ல மாட்டேன். ஆஸ்திரேலியால குவீன்ஸ்லாந்துல மவுண்ட் ஐசான்னு செம்பு ஊரு, நாட்டோட பொது மின் வலைப்பின்னலான கிரிட்டோட சேராம தனியா கெடக்கு, அதுக்கு டவுன்ஸ்வில் பக்கத்துல இருந்து 800 கிலோமீட்டருக்கு மேல இழுக்கற காப்பர்ஸ்ட்ரிங் திட்டத்த ஏசியாவே போட்டிருக்காங்க, வழில காத்தாலைங்க கரண்ட உள்ள தள்ளலாம்னு. அங்க வாசல் நடுவழிலயும் தொறக்கற மாதிரி யோசிச்சிருக்காங்க, செலவு எகிறிக்கிட்டே போறது வேற விஷயம்.

தம்பிக்கு நான் எழுதிக் குடுத்தது இதுதான். பைலன்னு வந்தா மின்கோபுரம், ரொம்பப் பெரிய லைன்னா உயர்மின் கோபுரம். டிரான்ஸ்மிஷனுக்கு மின் தொடரமைப்பு, நம்ம அரசுக் கழகத்துப் பேருலயே அப்படித்தான் இருக்கு. நேரா போற லைன்ல கம்பியத் தொங்கவிட்டுப் பிடிக்கறதுக்குத் தொங்கு கோபுரம், திரும்புற எடத்துல நிக்கறதுக்குத் திருப்புக் கோபுரம்னு போடலாம், இந்த ரெண்டும் என் சொந்தச் சரக்கு, இதவிட நல்லது கெடைச்சா மாத்திக்கலாம். இன்சுலேட்டர மட்டும் ஊர்ல சொல்ற மாதிரி பீங்கான்னு போட்டுடாத, இப்பல்லாம் கண்ணாடிலயும் ரப்பர் மாதிரி சிலிக்கோன்லயும் வருது, மின்காப்பின்னு போடுன்னேன்.

இன்னொண்ணு, பைலன்னு எங்க பாத்தாலும் கோபுரம்னு மாத்திடாதீங்க. கனடாவுல ரோட்டுல வெக்கற ஆரஞ்சுக் கூம்புக்கும் பைலன்னுதான் பேரு. ஏரோப்ளேன் றெக்கைக்கு அடில என்ஜினப் பிடிச்சுத் தொங்கவிடற பாகத்துக்கும் அதே பேருதான், அத யாராச்சும் 'விமானக் கோபுரம்'னு மொழிபெயர்த்து வெச்சா தஞ்சாவூர்க்காரங்க கோயில்ல கொண்டுபோய்த் தேடுவாங்க.