வரப்பில் கால் படாத தாத்தா

மறுபடியும் ஒரு ஹார்ட்டிஸ்க் வந்திருக்கிறது. கும்பகோணம் பக்கத்துப் பையன்கள், முறைப்பாசனம் பற்றி ஒரு குறும்படம். சம்பா வயல் முழுவதும் பிளெண்டர் என்ற முப்பரிமாண மென்பொருளில் செய்தது. கதிர் கதிராகத் தெரிகிறது, வாய்க்காலில் தென்னை நிழலாடுகிறது. அதன்மேல் கையால் வரைந்த தாத்தா நடக்கிறார். நடக்கிறார் என்பது மரியாதைக்குச் சொல்வது. வரப்புக்கு அரையடி மேலே மிதக்கிறார். "அண்ணே, காம்போசிட்டிங்ல உக்கார வெச்சிடுங்க" என்கிறார்கள். தனித்தனியாகச் செய்த படங்களை ஒன்றாகச் சேர்க்கும் அந்த வேலைதான் என்னுடையது. என்னிடம் மந்திரம் எதுவும் இல்லை.

பின்னணி எவ்வளவு நிஜமோ, படம் அவ்வளவு தரம். இந்த நம்பிக்கையை யார் விதைத்தார்களோ! வரைந்த தாத்தாவிடம் இருப்பது ஒரு கோடு, உள்ளே இரண்டு மூன்று தட்டை நிறம். வயலிலோ சேற்றின் பளபளப்பு, பனி, இலை நரம்பு. கண் முதலில் வயலை நம்பிவிடும். நம்பிய நொடியே தாத்தா ஒட்டிய ஸ்டிக்கராகிவிடுவார். முகத்தில் இன்னும் நாலு சுருக்கம் வரைந்தாலும் தீராது. வயலைத்தான் அவர் பக்கம் இழுக்க வேண்டும். 1999-இல் 'டார்ஜான்' படத்துக்காக டிஸ்னி 'டீப் கேன்வாஸ்' என்று ஒரு மென்பொருளே உருவாக்கியது. முப்பரிமாணக் காட்டின்மேல் ஓவியர்கள் தூரிகைத் தீற்றலாகவே வண்ணம் போட்டார்கள். அதே ஆண்டு 'தி அயர்ன் ஜெயன்ட்'டில், கணினி ராட்சதனின் கோடுகளை வேண்டுமென்றே லேசாக நடுங்க வைத்தார்கள், கையால் வரைந்த மனிதர்களோடு ஒட்ட வேண்டும் என்று. பணமும் ஆளும் இருந்த இடத்திலேயே கணினியின் துல்லியத்தைக் குறைக்கத்தான் பாடுபட்டிருக்கிறார்கள். நம் பையன்கள் வயல்மேல் போர்த்த இன்னும் துல்லியமான 4கே நெல் டெக்ஸ்சர் படம் தேடிக்கொண்டிருக்கிறார்கள்.

இன்னொன்று, தாத்தாவை முதலில் வரைந்துவிட்டு வயலைப் பிறகு கட்டுவது. தலைகீழ்! வெறும் பெட்டியும் தரையுமாக வயலை வையுங்கள். கேமராவை முடிவுசெய்து பூட்டுங்கள். அந்த ஃப்ரேம்களை அடியில் போட்டு மேலே வரையுங்கள். பெரிய கோயில் விமானத்தை அண்ணாந்து பார்க்கும் கேமராவில், கண்மட்டத்தில் வரைந்த ஆளை நிறுத்தி அனுப்பாதீர்கள். (அப்படியும் வந்திருக்கிறது.)

நொடிக்கு 24 ஃப்ரேம். நீங்கள் வரைவது 12 படம், ஒவ்வொன்றும் இரண்டு ஃப்ரேம் நிற்கும். கேமரா நகர்ந்தால் தரை எல்லா ஃப்ரேமிலும் நகரும், தாத்தா ஒன்றுவிட்டு ஒன்றில்தான். பாதம் வழுக்காமல் என்ன செய்யும்? அந்த ஷாட்டுக்காவது நொடிக்கு 24 படமும் வரையுங்கள். முடியாதா, கேமராவை அசைக்காதீர்கள். நம் ஊர் தட்டை நிலம், நின்று பார்த்தாலே அழகுதான்.

வெயில் மேற்கிலிருந்து வந்தால் சட்டையிலும் மேற்கிலிருந்தே விழட்டும். காலடியில் நிழல் கட்டாயம். வரப்புப் புல்லில் நாலு கொத்தைத் தனியாக எடுத்துப் பாதத்துக்கு முன்னால் போட்டால் பாதி மிதப்பு அடங்கிவிடும். மார்கழிப் பனியில் எதுவும் முழுக் கறுப்பாகத் தெரியாது. கோட்டின் கறுப்பையும் அந்த அளவுக்குத் தணியுங்கள்.

தயவுசெய்து கணினி கடைசியாக உருவாக்கித் தரும் படத்தை ('ரெண்டர்') ஒரே வீடியோவாக ஒட்டித் தராதீர்கள், தம்பிகளா. வயல், நிழல், முன்புல், தாத்தா எல்லாம் தனித்தனி லேயராக வேண்டும். அதற்கும் முன்னால் ஒரே ஒரு ஷாட்டை, ஐந்து நொடி போதும், முழுசாக முடித்துப் போனில் போட்டுப் பாருங்கள். மற்ற ஷாட்டெல்லாம் அப்புறம்.