பொய் அபிடவிட்டில் கையெழுத்துப் போடும் முன்

"எதிர்பார்ட்டி அத்தனையும் பொய் சொல்றான் சார், நாமளும் கொஞ்சம் சேர்த்துப் போட்டாத்தானே கேஸ் நிக்கும்?" இப்படிக் கேட்காத கட்சிக்காரர்கள் குறைவு. ஜீவனாம்ச வழக்குகளில் இது சர்வசாதாரணம். கைநிறையச் சம்பாதிப்பவர், வேலையே இல்லை என்று அபிடவிட்டில் (சத்தியம் செய்து தரும் எழுத்து வாக்குமூலத்தில்) சொல்வார். எதிர்த்தரப்பு வங்கிக் கணக்கை வரவழைத்ததும் முகம் வெளுக்கும்.

2024 ஜூலை 1 முதல் நடப்பில் இருக்கும் புதிய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் பிரிவு 229-இன்படி, நீதிமன்ற நடவடிக்கையில் வேண்டுமென்றே பொய்ச் சாட்சியம் சொன்னாலும் புனைந்தாலும் 7 ஆண்டுவரை சிறை, 10,000 ரூபாய்வரை அபராதம். ஒருவரை மரண தண்டனைக் குற்றத்தில் மாட்டிவிடுவதற்காகப் பொய் சொன்னால் ஆயுள் தண்டனைகூடக் கிடைக்கலாம். பொய் என்று தெரிந்தே ஆவணத்தைத் தாக்கல் செய்பவருக்கும், அதைப் புனைந்தவருக்குள்ள தண்டனைதான். ஞாபகப் பிசகில் தேதி மாறிப்போவது இதில் வராது.

புனைந்த ஆவணங்கள் பெரும்பாலும் அற்ப விஷயத்தில்தான் சிக்கும். ஒரு சொத்து வழக்கில் 2017 தேதியிட்ட, பதிவு செய்யாத கிரய ஒப்பந்தம் தாக்கலானது. எங்கள் கட்சிக்காரர் 2018-இல் அந்த இடத்தைப் பதிவு செய்து வாங்கியிருந்ததால், அதற்கு முந்தைய தேதி எதிர்த்தரப்புக்குத் தேவைப்பட்டது. பழைய முத்திரைத்தாள், இரண்டு சாட்சிகள், எல்லாம் கச்சிதம். ஆனால் சொத்து விவரத்தில் 'தென்காசி மாவட்டம்' என்று டைப் அடித்திருந்தார்கள். தென்காசி தனி மாவட்டமானது 2019 நவம்பரில்! "இதை எழுதியபோது உங்கள் ஊர் எந்த மாவட்டம்?" என்று குறுக்கு விசாரணையில் கேட்டோம். "திருநெல்வேலி" என்று ஒப்பந்தத்தைத் தாக்கல் செய்தவரே சொன்னார். உதவியாக நினைத்துச் சாட்சிக் கையெழுத்துப் போட்ட அக்கம்பக்கத்தார் நிலைதான் பாவம். "போடச் சொன்னார், போட்டேன்" என்பது கூண்டில் எடுபடாது.

சரி, எதிரி பொய் சொல்லிவிட்டார், நேராகக் காவல் நிலையம் போகலாமா? கோர்ட்டில் சொன்ன பொய்ச் சாட்சியத்துக்கு முடியாது. புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா பிரிவு 379-இல் (பழைய சட்டத்தில் 340) அந்த நீதிமன்றத்திலேயே மனுப் போட வேண்டும். நீதியின் நலனுக்கு அவசியம் என்று நீதிபதி கருதினால், நீதிமன்றமே புகார் அளிக்கும். வெளியிலேயே போலியாகத் தயாரித்துப் பிறகு தாக்கல் செய்த ஆவணத்துக்கு இந்தத் தடை இல்லை என்று இக்பால் சிங் மர்வா வழக்கில் (2005) உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு தீர்ப்பளித்தது. அதற்குப் போலீஸ் புகார் கொடுக்கலாம். 379 மனுவை எதிரியை மிரட்டும் ஆயுதமாக எடுத்த எடுப்பிலேயே போடுபவர்கள் உண்டு. நீதிபதிகளுக்கு அது நன்றாகவே தெரியும். எதிரி சொன்னது பொய் என்று ஆவணத்தால் நிரூபணமாகும்வரை பொறுப்பது நல்லது என்பேன்.

முன்பு சொன்னதைக் கோர்ட்டில் மாற்றிச் சொல்லும் பிறழ் சாட்சிகளுக்கு ஒரு தகவல். போலீசிடம் சொன்ன வாக்குமூலம் சத்தியத்தின் பேரில் வாங்கப்படுவதில்லை. ஆனால் மாஜிஸ்திரேட் முன் சாட்சியாகச் சத்தியம் செய்து சொன்னதைப் பிறகு தலைகீழாக மாற்றினால் சிக்கல்தான். 2002 குஜராத் கலவரக் கொலைகள் தொடர்பான பெஸ்ட் பேக்கரி வழக்கில் மாறி மாறிப் பேசிய முக்கியச் சாட்சிக்கு 2006-இல் உச்ச நீதிமன்றம் அவமதிப்புக்காக ஓராண்டுச் சிறை விதித்தது.

வக்கீல் தயாரித்த அபிடவிட் என்றாலும் சத்தியம் செய்வது நீங்கள். ஒவ்வொரு பத்தியையும் படித்துக் காட்டச் சொல்லுங்கள். ஏற்கெனவே தவறான விவரம் போய்விட்டதா? குறுக்கு விசாரணைக்கு முன்பே வக்கீலிடம் மறைக்காமல் சொல்லி, திருத்திக் கூடுதல் அபிடவிட் தாக்கல் செய்யுங்கள். குற்றம் தானாக அழிந்துவிடாது. ஆனால் மாட்டிக்கொண்டபின் திருத்துபவரையும் தானாக முன்வந்து திருத்துபவரையும் நீதிமன்றம் ஒரே கண்ணால் பார்ப்பதில்லை.