ஏஜென்ட் படிக்கிற டாக்குமென்ட்டுல என்ன எழுதணும்

நம்ம பக்கத்துல இப்ப சின்னச் சின்ன சாஃப்ட்வேர் ஆபீஸ் நிறைய வந்துடுச்சு. 2024ல தஞ்சாவூர்ல டைடல் நியோ திறந்தாங்க, கும்பகோணம் மாயவரம் பக்கமெல்லாம் மாடியில ரெண்டு ரூம் எடுத்து நாலஞ்சு பசங்க ரைஸ்மில்லுக்கும் நெல் வியாபாரிக்கும் பில்லிங் எழுதிக்கிட்டிருக்காங்க, எல்லார்கிட்டயும் இப்ப கோடு எழுதுற ஏஐ ஏஜென்ட் இருக்கு. இந்த மாதிரி டீமுக்கு, எழுதுன கோட ஓட்டிப் பாத்து சரியா தப்பான்னு சொல்ற டூல செட் பண்ணிக் குடுக்குறதுதான் என் வேலை. அதுல பாத்தத வச்சு ஒண்ணு சொல்றேன். டூலுக்கு நாம எழுதுற டாக்குமென்ட்ட ஏஜென்ட்டும் படிக்குது, ஆனா புரியலன்னா அது நமக்கு ஃபோன் போட்டுக் கேக்காது, தானா ஒண்ண நெனச்சுக்கிட்டு வேலைய முடிச்சிடும்.

ஒரு டீம்ல நடந்தத சொல்றேன். நேரடி கொள்முதல் நிலையத்துக்கு நெல் கொண்டு போறதுக்கு முன்னாடி ஈரப்பதம், மூட்டைக் கணக்கெல்லாம் போட்டுப் பாக்குற ஆப் அவங்களது. மழையில நெட் தடுமாறுச்சு, டூலுக்கு டாக்கர் இமேஜ் (கோடு ஓடத் தேவையானதெல்லாம் அடங்குன பொட்டலம்) டவுன்லோடு ஆகல, அதனால கோடு ஓடவே இல்ல, ஆனா டூல் வெளிய சொன்ன எக்ஸிட் கோடு, அதாவது எப்படி முடிஞ்சுதுன்னு கடைசில சொல்ற நம்பர், 1. டெஸ்ட் ஃபெயிலானாலும் அதே 1தான். ஏஜென்ட்டுக்கு என்ன தெரியும், கோடுதான் தப்புன்னு முடிவு பண்ணி, சரியா இருந்த ஈரப்பதக் கணக்க மாத்தி மாத்தி எழுதிக்கிட்டே இருந்துச்சு. "அண்ணே, காலையில ஓடுன கோடுண்ணே இது, எதுவும் புதுசா தொடலண்ணே"ன்னு அந்தப் பையன் கூப்பிட்டப்ப எட்டு ஃபைல் மாறியிருந்துச்சு.

பைத்தான் கோட டெஸ்ட் பண்ற பைடெஸ்ட்ட பாருங்க, இந்த நம்பர எவ்வளவு தெளிவா பிரிச்சு வச்சிருக்காங்க. எல்லாம் பாஸானா 0, டெஸ்ட் ஃபெயிலானா 1, நடுவுல நிறுத்துனா 2, உள்ளுக்குள்ளயே கோளாறுன்னா 3, கமாண்ட தப்பா குடுத்தா 4, டெஸ்ட்டே கண்டுபிடிக்கலன்னா 5. அந்த 5 ரொம்ப முக்கியம், ஃபோல்டர் பேர தப்பா குடுத்துட்டு ஒரு டெஸ்ட்டும் ஓடாமலே "ஃபெயில் எதுவும் இல்ல"ன்னு ஏஜென்ட் சந்தோஷமா ரிப்போர்ட் குடுக்குறத நான் நேர்ல பாத்திருக்கேன். லினக்ஸ்ல டைம்அவுட் கமாண்ட் நேரம் தாண்டுனா 124 தரும், மெமரி பத்தாம கொல்லப்பட்ட ப்ராசஸ் பெரும்பாலும் 137ன்னு முடியும். ஒவ்வொண்ணுக்கும் அடுத்து என்ன செய்யணும்ங்கிறது வேற வேற. அதனால நம்பர மட்டும் எழுதி நிறுத்தாதீங்க, உங்க டூல்ல கோடு ஓடாததுக்கு 3ன்னு வச்சிருந்தா இப்படி எழுதுங்க: "3 வந்தா கோடு ஓடவே இல்ல. கோடு சரியா தப்பான்னு இதுல இருந்து எதுவும் சொல்ல முடியாது. எந்த ஃபைலையும் மாத்தாத, நிறுத்து, வந்த மெசேஜ அப்படியே காட்டு." இந்த நாலு வரி, டூலோட பெருமைய சொல்ற நாலு பக்கத்த விட உபயோகம்.

டெஸ்ட்டுல இருக்குற நம்பர் எங்கேர்ந்து வந்துச்சுன்னும் எழுதணும். நெல்லுக்கு ஈரப்பதம் 17 சதவீதம் வரைக்கும்தான் எடுப்பாங்க, ஆனா அறுவடை நேரத்துல மழை புடிச்சிக்கிட்டா சில வருஷம் மத்திய அரசு தளர்வு குடுக்கும், டெல்டால எந்த விவசாயியக் கேட்டாலும் இது தெரியும், ஏஜென்ட்டுக்குத் தெரியாது. 18ன்னு ஒரு டெஸ்ட் ஃபெயிலானா அது கோட மாத்தலாம், இல்ல டெஸ்ட்டையே மாத்தி பாஸ் வாங்கிடலாம், ரெண்டும் அதுக்கு ஒண்ணுதான். "இந்த வரம்பு அரசு உத்தரவுப்படி மாறும், டெஸ்ட் ஃபைல தொடாத, ஆள்கிட்ட கேளு"ன்னு எழுதி வைக்கணும், அதோட நிக்காம அந்த ஃபோல்டருக்கு எழுதுற பர்மிஷனையும் எடுத்துடணும்.

ஏன் பர்மிஷன்னு கேட்டா, எச்சரிக்கை வேற பூட்டு வேற. 2021ல ஓபன்ஏஐ ஹியூமன்ஈவல்னு 164 கணக்கு வச்ச ஒரு சோதனைத் தொகுப்ப வெளியிட்டாங்க, மாடல் எழுதுற கோட ஓட்டிப் பாக்குற டூலும் அதுலயே இருக்கு. கோட நிஜமா ஓட்டுற அந்த ஒரு வரிய வேணும்னே கமென்ட் பண்ணி, அதாவது ஓடாத வெறும் குறிப்பா மாத்தி வச்சு, நம்பகமில்லாத கோட சாண்ட்பாக்ஸ் (மத்தத தொட முடியாதபடி தனியா அடைச்ச இடம்) இல்லாம ஓட்டாதீங்கன்னு மேல எழுதி வச்சாங்க. படிக்கிறது மனுஷன்னா கொஞ்சம் நின்னு யோசிப்பான், அதுக்குத்தான் அந்த ஏற்பாடு. ஏஜென்ட்டுக்கு அது வேலைக்குக் குறுக்க நிக்கிற ஒரு கமென்ட், எடுத்துட்டுப் போயிட்டே இருக்க வாய்ப்பு இருக்கு. ஆபத்தான எதையும் டாக்குமென்ட்ட மட்டும் நம்பி விடாதீங்க.

அவுட்புட் விஷயம் சுருக்கமா: ஜேசன்ல (ப்ரோக்ராம் சுலபமா படிக்கிற வடிவம்) குடுங்க, முடிவு முதல்ல வரட்டும், ஓடுனப்ப வந்த முழு லாக்கையும் கொட்டாம அது எந்த ஃபைல்ல இருக்குன்னு மட்டும் சொல்லுங்க. ஆயிரக்கணக்குல வரி கொட்டுனா ஏஜென்ட்டோட கான்டெக்ஸ்ட், அதாவது ஒரே நேரத்துல அது மனசுல வச்சுக்கிற இடம், அதுலயே தீந்துடும், முதல்ல சொன்ன விதியெல்லாம் மறந்து போகும்.

எம்சிபி வழியா குடுக்குறீங்கன்னா, அதாவது ஏஜென்ட்ட வெளி டூலோட இணைக்க 2024 நவம்பர்ல ஆந்த்ரோபிக் கொண்டு வந்த அந்த முறை, அங்க டூலோட பேரு, விளக்கம், என்ன இன்புட்டுன்னு சொல்ற ஸ்கீமா, இத வச்சுத்தான் ஏஜென்ட் எந்த டூல எடுக்கறதுன்னு முடிவு பண்ணுது. "கோடை மதிப்பிடும்"னு ஒத்த வரில விட்டா எல்லாத்துக்கும் இதையே கூப்பிடும். எப்ப கூப்பிடக் கூடாது, எவ்வளவு நேரம் ஆகும், திரும்ப ஓட்டுனா அதே முடிவு வருமான்னு அங்கயே எழுதுங்க.

இன்னொண்ணு, டூலோட விளக்கம் இருக்குற ரீட்மீ ஃபைல ஏஜென்ட் திறக்காமலே போகலாம், ஆனா எரர் மெசேஜ கண்டிப்பா படிக்கும். அதனால மேல சொன்ன "எதையும் மாத்தாத, நிறுத்து"ங்கிறது அந்த மெசேஜுக்குள்ளயே இருக்கணும். எழுதி முடிச்சதும் புது செஷன் திறந்து, டூலையும் டாக்குமென்ட்டையும் மட்டும் குடுத்து, டூலுக்கு மட்டும் நெட்ட நிறுத்திட்டு ஓட்டச் சொல்லுங்க. ஒரு ஃபைல தொட்டாக்கூட டாக்குமென்ட் இன்னும் முடியலன்னு எடுத்துக்கிட்டு மறுபடியும் எழுத உக்காருங்க.